புதுசாக ஒரு பெட்டை முயலைச் சேர்க்கும் விதம்

செத்த உள்ள நகந்துக்குங்ணா. தாராபுரம் வண்டிதானுங்களே இது? போர்டைக்கூடப் பாக்காம ஏறிட்டனுங்க. குண்டடத்துல எறங்கோணும். நீங்க தாராபுரமேங்களா? சரிங், அப்ப நான் எறங்கற வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு.

கண்ணு செவந்து கெடக்குதுங்களா? பஸ் ஸ்டாண்டுல மூஞ்சி கழுவிட்டுத்தான் ஏறுனேன். அப்படியும் தெரியுது பாருங்க. ஆம்பள அழுதுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா உங்களுக்குச் சங்கட்டமாத்தான் இருக்கும். ஆனா இத மனசுக்குள்ளயே வெச்சிருந்தா எனக்கு நெஞ்சு அடைச்சிரும்போல இருக்குதுங்ணா. ஊருக்குள்ள வாயத் தொறந்தா பொழுது எறங்கறதுக்குள்ள டீக்கடைக்குப் போயிரும். நீங்க யாரோ, நான் யாரோ. கேட்டுப்போட்டு மறந்துருங்க.

என்ற பேரு பூபதிங்க. முயல் பண்ணை வெச்சிருக்கறேன், கறிக்கு வளக்கற முயலு. சம்சாரம் பேரு இந்துமதி. அவளையும் கொழந்தையையும் கூட்டிட்டு வரத்தான் காலைல திருப்பூர் போனேன். தனியாத் திரும்பி வர்றேன். இதுதானுங்க சங்கதி. எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்கு ரோசிச்சு ரோசிச்சு மண்டை காஞ்சு போச்சு.

எங்களுது பெரிய குடும்பமுங்க. அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க பசங்க ரெண்டு பேரு, எங்கப்பனோட அக்கா ஒருத்தங்க, பொறவு நாங்க. தோட்டத்துக்குள்ள ஊடு. ஒரே கூரை, ஒரே அடுப்பு. இந்தக் காலத்துல யாருங்ணா இப்படி இருக்கறாங்க? பொண்ணு கேட்டுப் போனப்பவே இதப் பெருமையாத்தான் சொன்னோம். இந்து ஒத்தப் புள்ளை. அப்பனும் இல்லை. 'எம் புள்ளை தனியாவே வளந்துருச்சு, உங்க கூட்டத்துக்குள்ள வந்து கலகலப்பா இருக்கட்டும்'னு அவங்கம்மா சொன்னாங்க. நானும் அதையேதான் நெனச்சேன். தனியா இருக்கறது ஒரு பொழப்பா? சொல்லுங்க.

முயலப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது புரியும். ஆரம்பத்துல நானும் எல்லாரையும்போலக் கம்பிக் கூண்டுதானுங்க வெச்சிருந்தேன். ஒரு கூண்டுக்கு ஒரு முயலு. திரும்பலாம், ஓட முடியாது. அடியில கம்பி குத்திக் குத்திக் காலெல்லாம் புண்ணு. வேலை வெட்டி இல்லாத முயலு என்ன பண்ணும்? கம்பியக் கடிக்கும். சிலது தன்ற மசுரையே புடுங்கித் தின்னும். டாக்டரக் கூட்டியாந்து காட்டுனா நோவு ஒண்ணும் இல்லைன்னுட்டார். ஒடம்புல ஒண்ணும் இல்லீங்ணா, மனசுதான் செரியில்ல. முயலுக்கு மனசான்னு சிரிக்காதீங்க. இருக்குது. என்னாட்ட அதுங்க கூடவே கெடந்தீங்கன்னா உங்களுக்குத் தெரியும்.

இந்துவுக்கும் முயலுன்னா உசுரு. அவ வந்த புதுசுல ஊட்டுல யாரோடயும் அவ்வளவாப் பேசமாட்டா. சமையக்கட்டுல அண்ணிக்கும் அவளுக்கும் ஆகாது. ஆகாதுன்னா சண்டையெல்லாம் இல்லீங். இவ கொழம்பு வெச்சா அண்ணி ஒரு கரண்டி எடுத்து நாக்குல வெச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம வேற கொழம்பு வெப்பாங்க. இவ தட்டெடுத்து உக்காந்தா அத்தை எந்திரிச்சுப் போயிருவாங்க. எங்கம்மா எதுக்கும் பேரச் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, 'புதுசா வந்தவளே'ன்னுதான் கூப்பிடுவாங்க. ரெண்டு வருசம் ஆனப்பறமும் அப்படித்தான். வேடிக்கைக்குத்தானுங்க. பொம்பளைங்களுக்குள்ள இருக்கறதுதான, ஆம்பள நாம எதுக்கு மூக்க நொழைக்கோணும்னு இருந்துட்டேன். அவ முயல் கூண்டுகிட்ட வந்து உக்காந்துக்குவா. அதுல சாம்பக் கலர்ல ஒரு பெட்டை. சாம்பின்னு பேரு வெச்சு அதுகிட்ட மட்டும் மணிக்கணக்காப் பேசுவா.

அந்தச் சாம்பியக் கொன்னது நாந்தானுங்க. வேணும்னு இல்லை, தெரியாம. ஒண்ணா உட்டா சந்தோசமா இருக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு, தரையில தொட்டியாட்டக் கட்டி நாலஞ்சு பெட்டைய ஒண்ணா உட்டேன். அதுங்க ஒரு மாசத்துல பழகிருச்சு. பொறவு சாம்பியத் தூக்கி அதுங்க நடுவுல உட்டேன். உட்டுட்டுத் தண்ணி கட்டப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்கறேன், ஒரு காது இல்லை. வயித்துல கிழிச்சிருக்குது. மூலையில ஒண்டிக்கிட்டு உசுரு இழுத்துட்டுக் கெடக்குது. மத்ததெல்லாம் ஒண்ணும் நடக்காததாட்டப் புல்லு மேயுது. இந்து வந்து அத மடியில போட்டுக்கிட்டு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை அவங்கப்பன் செத்தப்பகூட அழுதிருக்கமாட்டா. 'அது என்ன மாமா பண்ணுச்சு, அது என்ன பண்ணுச்சு'ன்னு அதையே கேக்கறா.

அன்னைக்கு முடிவு பண்ணுனனுங்க, இனி எந்த முயலும் என்ற பண்ணைல இப்படிச் சாகக் கூடாதுன்னு. முயல் வளக்கறவங்களுக்குன்னு ஒரு பயிற்சி நடந்துச்சு, அதுல போய்ச் சேந்தேன். முதல் நாளே சாம்பி செத்ததச் சொன்னேன். சொல்லிக் குடுத்த அம்மா கேட்டாங்க, 'புதுப் பெட்டைய எங்கீங்க உட்டீங்க'ன்னு. மத்தது இருந்த எடத்துலன்னேன். தலைல அடிச்சுக்கிட்டாங்க. 'அது அதுங்க ஊடுங்க. அதுங்க வாடை பூரா அங்கதான் இருக்குது. புதுசா வந்தது எவ்வளவு அடங்கிப் போனாலும் உடாதுங்க'ன்னாங்க. பொறவு என்ன பண்றது? பழசையும் கெளப்போணும், புதுசையும் கெளப்போணும். ரெண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு புது எடத்துல எல்லாத்தையும் ஒரே நேரத்துல உடோணும். அப்பத்தான் யாருக்கும் இது என்னுதுங்கற திமிரு இருக்காது. எவ்வளவு சுளுவான விசயம் பாருங்க. யாருக்காச்சும் தோணுமா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இது தெரிஞ்சிருந்தா சாம்பி இன்னைக்கும் இருந்திருக்கும்.

அதுக்கப்பறம் பாருங்க, ஒண்ணு ஒண்ணாக் கத்துக்கிட்டேன். தரையில கம்பி வேண்டாம், கூளம் போடோணும். ஒண்ணு மேல ஒண்ணு உளுகாம இருக்க ஒரு பலகை உசரத்துல வெக்கோணும், கோவிச்சுக்கிட்ட முயலு அதுமேல ஏறி உக்காந்துக்கும். பிவிசி பைப்பைப் பெருசா வெட்டிப் போடோணும், பயந்தது உள்ள பூந்துக்கும். கடிக்கறதுக்கு முருங்கைக் குச்சி, அகத்திக் குச்சி. எல்லாத்துக்கும் மேல, குட்டி போடப் போற பெட்டைய மட்டும் தனியாப் பிரிச்சிரோணும். இருட்டா ஒரு பெட்டி, ஒரு சின்ன ரூமு, கதவு, தாழ்ப்பாளு. ஆளுங்க போய் எட்டிப் பாக்கக் கூடாது. சத்தம் கேட்டுது, வேற முயலு வாடை வந்துதுன்னு வெய்யுங்க, பெத்த குட்டிய அதுவே மிதிச்சுக் கொன்னு போட்டுரும். கொடூரமில்லீங்ணா, பயம். அந்த நேரத்துல அதுக்கு யாரும் வேண்டாம். அத அப்படியே உட்டுரோணும். இத நோட்டுல எழுதி அடியில கோடு போட்டு வெச்சுக்கிட்டேன்.

கட்டறதுக்கு எடம் வேணும். ஊட்டுக்குப் பின்னால ஒரே ஒரு எடம் நெழலா, மேடா இருந்துது. அதுல இந்து ஏற்கெனவே குச்சி நட்டுக் கயிறு கட்டி வெச்சிருந்தா. அங்க ஒரு ரூமு கட்டிக் குடுங்கன்னு கேட்டுட்டே இருந்தா. நாங்க படுக்கற ரூமுலதான் பீரோவும் அரிசி மூட்டையும் இருக்குது, நெனச்ச நேரத்துக்கு யாராச்சும் உள்ள வருவாங்க. கதவுக்குத் தாழ்ப்பாளாச்சும் வெய்யுங்கன்னு கேட்டா. எங்கம்மா, 'எதுக்குத் தாழ்ப்பாளு, ஊட்டுக்குள்ள திருடனா இருக்கறான்'னாங்க. நெசந்தானுங்களே. எல்லாரும் நம்ம சனம். சரி, அவ கட்டுன கயிறு சும்மாதான் கெடக்குது, அளவும் செரியா இருக்குதுன்னு அதே அளவுலயே முயலுக்கு ஷெட்டு போட்டுட்டேன். அளந்து கயிறு கட்டற வேலை மிச்சம். தரைக்கு டைல்ஸு, மேல ஓடு, காத்து வர ஜன்னலு. பின்னால குட்டி போடறதுக்குத் தனி ரூமு, அதுக்குக் கதவு, உள்ளயும் வெளியவும் தாழ்ப்பாளு. கட்டி முடிச்சு அவளக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். 'உன்ற சாம்பிக்காகத்தான் இந்து'ன்னேன். சுத்திச் சுத்திப் பாத்தா. தாழ்ப்பாளப் போட்டுப் போட்டு எடுத்தா. நல்லா இருக்குது மாமான்னா. சந்தோசத்துல அவளுக்குப் பேச்சே வரல.

என்னங்ணா, அப்படிப் பாக்கறீங்க? டிக்கெட்டுங்களா? எடுத்துட்டேன், எடுத்துட்டேன்.

பொறவு அவ முழுகாம இருந்தா. வளைகாப்பு போட்டு அவங்கம்மா ஊட்டுக்கு அனுப்பி, பொம்பளப் புள்ளை பொறந்துது. யாழினின்னு பேரு. முறைப்படி நாங்க எல்லாரும் போய் அழைச்சிட்டு வந்தோம். இங்கதானுங்க ஆரம்பிச்சுது கெரகம். வந்ததுல இருந்து அவ ஒரு மாதிரி. புள்ளைய யாரும் தொடக் கூடாதுங்கறா. தொடாம எப்படீங்க? ஊட்டுல இத்தன பேரு இருக்கறோம், ஆசையா எடுப்பாங்கல்ல? பால் குடுத்துட்டு இருக்கறப்பவே அண்ணி வந்து வாங்கிட்டுப் போவாங்க, 'பத்தாது, நான் புட்டிப்பால் குடுக்கறேன்'னு. அத்தை வந்து எப்படிப் புடிக்கோணும், எப்படிப் போடோணும்னு சொல்லித் தருவாங்க. ராத்திரி அழுதா எல்லாரும் உள்ள வந்துருவாங்க. இதெல்லாம் எவ்வளவு பெரிய ஒத்தாசை. இவளுக்குப் பாலே நின்னு போச்சு. சோறு எறங்கறதில்லை. எதுக்கெடுத்தாலும் திடுக்குங்குறா. 'என்ன இந்து, எத்தன பேரு உனக்குத் தொணைக்கு இருக்கறோம், என்னத்துக்கு வெசனம்'னு கேட்டா என்னையவே பாக்கறா.

ஒரு நாளு மத்தியானம் அவளையும் காணோம், கொழந்தையையும் காணோம். ஊடெல்லாம் தேடறோம். அம்மா கெணத்துக்கிட்ட ஓடறாங்க. கடைசில பாத்தா ஷெட்டுல, பின்னால அந்தக் குட்டி போடற ரூமுக்குள்ள இருக்கறா. உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டா. கதவுச் சந்துல பாக்கறேன், கூளத்துமேல உக்காந்து புள்ளைய மடியில வெச்சிருக்கறா. புள்ளை பால் குடிக்குது. நின்னு போச்சுன்ன பாலு.

எனக்கு வந்த கோவம் இருக்குதே. ஏன்னா அன்னைக்குன்னு பாத்து உள்ள ஒரு பெட்டை தயாரா இருக்குது. மசுரு புடுங்கிப் பெட்டிக்குள்ள மெத்தை போட்டு வெச்சிருக்குது. எந்நேரமும் குட்டி வரும். அந்த நேரத்துல மனுசவாடை ஆகுமா? கதவத் தட்டுனேன். 'இந்து, அறிவிருக்குதா உனக்கு, அது பயந்துக்கும், மொதல்ல வெளிய வா'ன்னேன். 'செத்த நேரம் மாமா'ங்கறா. 'செத்த நேரமும் இல்லை, அதத் தொந்தரவு பண்ணாத'ன்னேன். எல்லாரும் பின்னாடி வந்து நிக்கறாங்க. அண்ணி, அத்தை, அம்மா, பசங்க, எல்லாரும். கதவத் தொறந்தா. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்கல. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா நடந்து உள்ள போயிட்டா. நான் கதவச் சாத்திப்போட்டு அங்கியே சத்தங்காட்டாம நின்னேன், பெட்டை கலவரமாயிருச்சான்னு பாக்கறதுக்கு. ஒண்ணும் ஆகல. அன்னைக்குச் சாயந்திரமே நல்லபடியாக் குட்டி போட்டுதுங்க. ஒரு குட்டிகூடச் சாகல.

மக்கா நாளு காலைல வெள்ளாமைக்குப் போயிட்டு வர்றேன், இந்து இல்லை. புள்ளையத் தூக்கிட்டு முதல் பஸ்ஸுல திருப்பூருக்கு அவங்கம்மாகிட்டப் போயிட்டா.

அதுல நான் பேசுனதுல ஏதாச்சும் தப்பு இருக்குதுங்களா? பெத்தவளுக்குத் தெரியாதா, அந்த நேரத்துல யாரும் உள்ள போகக் கூடாதுன்னு? நீங்களே சொல்லுங்க. சரி, சொல்லாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா நீங்களும் கோவக்காரராட்டத் தெரியுது.

அவங்கம்மா ஊட்டுலயும் இருக்கல. அதுக்குப் பக்கத்துச் சந்துல மாடியில ஒத்த ரூமு எடுத்துட்டா. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. வேலைக்குப் போறப்ப அவங்கம்மா வந்து புள்ளையப் பாத்துக்கறாங்க. போன் பண்ணுனா எடுக்கறதில்லை. இந்த ஆறு மாசமா நான் இங்க எப்படிச் சோறு தின்னேன், எப்படித் தூங்குனேன்னு எனக்கே தெரியல. புள்ளையோட சின்னச் சட்டை ஒண்ணு கொடியில கெடந்துது. அத எடுக்கவும் முடியல, உடவும் முடியல. அழுது அழுது எங்கம்மாவே, 'போய்க் கால்ல உழுந்தாச்சும் கூட்டியாடா'ன்னுட்டாங்க.

அதான் இன்னைக்குப் போனேன். அவங்க கம்பெனில கரண்ட் இல்லைன்னு லீவு உட்டுட்டாங்களாம், ஊட்டுல இருந்தா. என்னையப் பாத்ததும் உள்ள வாங்கன்னா. தண்ணி குடுத்தா. சின்ன ரூமுங்ணா. எங்க ஷெட்டுல பாதிகூட இருக்காது. ஒரு பாய், ஒரு அடுப்பு, மேல கொக்கியில ஒரு தொட்டில் சேலை. ஆனா பாருங்க, அவ ஒரு சுத்து சதை போட்டிருக்கறா. மூஞ்சில வெளிச்சம் இருக்குது. சோறாக்கிட்டே ஏதோ பாட்டு முணுமுணுங்குறா. எங்க ஊட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்லை. புள்ளை முதல்ல என்னையப் பாத்து வீல்னு கத்துச்சு, அப்பனைத் தெரியல அதுக்கு. எனக்கு அங்கியே அழுகை வந்துருச்சு. இந்து சிரிச்சுக்கிட்டே, 'சும்மா உக்காந்திருங்க, அதுவா வரும்'னா. சும்மா உக்காந்திருந்தேன். செத்த நேரத்துல தவந்து வந்து என்ற வெரலப் புடிச்சுக்கிச்சு. அவ்வளவு சின்ன வெரலுங்ணா. அத உட்டுட்டு வந்திருக்கறேன் பாருங்க.

கூப்பிட்டேன். கெஞ்சுனேன். ஆம்பளன்னுகூடப் பாக்காம அவ காலப் புடிச்சேன். காலை இழுத்துக்கிட்டா. 'அந்த ஊட்டுக்கு நான் வரமாட்டேன் மாமா. நீங்க இங்க வாங்க'ங்கறா. இங்கன்னா எங்கங்கறேன். 'இந்த ரூமுக்குத்தான். உங்க ஊடும் இல்லை, எங்கம்மா ஊடும் இல்லை. இன்னைக்கு ராத்திரி இங்க படுங்க. நாளைக்குப் போய் முயலப் பாத்துட்டு வாங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க, கதவு தொறப்பேன். ஆனா தனியா வாங்க. வேற யாரையும் கூட்டிட்டு வந்துராதீங்க'ன்னா. வந்தா என்ன ஆகும்னேன். 'வந்தாங்கன்னா அன்னைக்கே இந்த ரூமக் காலி பண்ணிருவேன். எங்க போனேன்னு எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. அப்பறம் நீங்களும் என்னையப் பாக்க முடியாது'ன்னா. கோவத்துல சொல்லலீங்ணா, சோத்துக்கு ரசம் ஊத்திக்கிட்டே சொல்றா.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. இருந்துரலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு, மெய்யாலுமே. ஆனா சாயந்திரத் தீவனம் யாரு போடறது? குட்டி போடற பெட்டைங்க கெடக்குதுங்க, அண்ணன் கைக்கு அதுங்க அடங்காது. அதுவுமில்லாம, பொண்டாட்டி ஊட்டுப் பக்கம் ஒத்த ரூமுல போய் ஒண்டிக்கிட்டான்னு நாளைக்குப் பேச்சு வந்தா எங்கம்மா உசுரோட இருப்பாங்களா? கெளம்பி வந்துட்டேன். படியெறங்கறப்பத் திரும்பிப் பாத்தேன். புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு மேல நிக்கறா. நான் திரும்பி ஏறிருவேன்னு நெனச்சாளோ என்னமோ, உள்ள போகாம நின்னுட்டே இருந்தா.

பஸ் ஸ்டாண்டுல வெச்சு அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அண்ணன்தான் தெம்பு சொல்லுச்சு. 'டேய், தனியாப் போய்க் கூப்பிட்டா எந்தப் பொண்ணுடா வருவா? இவனுக்கு நாதியே இல்லைன்னுதான நெனப்பா? மரியாதையா எல்லாரும் போய் அழைக்கோணும்டா'ன்னுச்சு. செரிதானுங்களே? எங்க பக்கம் அப்படித்தான் பழக்கம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குப் போன்லயே வேன் சொல்லியாச்சு. அம்மா, அண்ணன், அண்ணி, அத்தை, மாமன் ஊட்டாளுங்க, பங்காளிங்க, வேன் நெறையப் போறோம். அண்ணியே தட்டு எடுத்துக்கறேன்னுட்டாங்க. அத்தை தேங்காய் பழம். தனியா வாங்கன்னு அவ சொன்னது வீம்புல சொன்னதுங்க. காலி பண்ணிருவேங்கறதும் சும்மா மெரட்டறதுதான். கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எங்க போயிருவா?

குண்டடம் வந்துருச்சுங்களா? பெல் அடிக்கச் சொல்லுங்ணா. இதச் சொன்னதுக்கப்பறம்தான் எனக்கு மூச்சே வருது. அவளுக்கு முன்னாலயே தெரிஞ்சிரக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். விடியறதுக்குள்ள போய் நின்னுரோணும். அந்த மாடிக்கு ஒரே படிதானுங்க, எறங்க வேற வழி கெடையாது. பாத்துட்டுத்தான் வந்தேன். கதவத் தொறந்து நாங்க அத்தன பேரும் படி நெறைய நிக்கறதப் பாத்தா, அவ மனசு எறங்காமயா போயிரும்?